இருநூறு ஈட்டிகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால மருதக்கோட்டைச் சீமையைக் கேசரிவர்மன்னு ஒரு ராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனா படகுச் சவாரிப் பித்து! ஏரித் தண்ணி குறையக் கூடாதுன்னு மதகையே அடைச்சுப்புட்டார். நட்ட பயிர் காயுது. குடியானவங்க கோட்டை வாசல்ல வந்து உட்கார்ந்துட்டாங்க. ஒண்ணு ரெண்டு இல்லை, நாப்பது நாள்!

தளபதி உக்கிரசேனர் இருநூறு காவலரை வெளியே நிறுத்தினார். ராசா உப்பரிகையிலிருந்து, மதிலுக்கு மேலே தெரியும் ஈட்டி முனைகளைத் தினமும் எண்ணுவார். ஒண்ணு குறைஞ்சாலும் சவுக்கடி.

"பிரபு, நாளைக்கு யானையை விட்டு விரட்டிடுவோம்" என்றார் தளபதி.

"அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க தெம்பா இருக்காங்களான்னு யாராவது ஒரு பகல் முழுக்க அவங்களோட நின்னு பார்க்கணும்" என்றார் மந்திரி தீர்த்தப்பர். "ஆனா பிரபுவால அது முடியாது."

"யாரால முடியாது?" ராசாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்தது. மந்திரிக்கு வேண்டியதும் அதுதானே!

மறுநாள் காவலன் வேஷத்தில் போய் நின்னார். உச்சி வெயில். கால் மரத்துப்போச்சு.

"மாத்து ஆள் எப்ப வருவான்?" பக்கத்துக் காவலனைக் கேட்டார்.

"நீ புதுசா? நாப்பது நாளா எவனும் வரலை."

கொஞ்ச நேரத்தில் ராசா சுருண்டு விழுந்தார்.

கண் திறந்தால் வேப்ப மர நிழல். ஒரு பெண் கூழ் புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஈட்டியை அவள் புருஷன் நிமிர்த்திப் பிடித்திருந்தான். வரிசை முழுக்க அப்படித்தான்! காவலர்கள் பாதிப்பேர் தூங்க, குடியானவங்க ஈட்டி பிடித்து நின்றார்கள்.

"நாளைக்கு உங்களை விரட்டப்போறதே நாங்கதானேம்மா?"

"தெரியும்யா. அதுக்காக வெயில்ல சாக விடுவோமா? ஈட்டி குறைஞ்சா உங்க முதுகை உரிச்சுடுவாராமே அந்த மனுஷன்."

ராசா கூழை விலக்கிவிட்டார். அவமானத்தில் உடம்பே கூசிப்போனது.

மறுநாள் காலை தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "இருநூறு ஈட்டி, பிரபு! யானையை அவிழ்க்கலாமா?"

"அதையெல்லாம் யார் பிடிச்சிருக்காங்கன்னு போய்ப் பார்த்துட்டு வாரும்."

போனவர் தலை தொங்கத் திரும்பினார்.

"யானை வேண்டாம். இன்னைக்கு முதல் மாத்து ஆள் நீர்தான், போய் நில்லும்" என்றார் ராசா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கையில் வைத்தார். மந்திரி முகத்தைப் பார்க்க ராசாவுக்குத் துணிவில்லை.

ராசாவே மதகைத் திறக்க வந்தார். கூட்டம் எழுந்து கும்பிட்டது. அந்தப் பெண் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அட, நீங்களா! தலைசுத்தல் நின்னுச்சா ஐயா?"

பழிச்சொல் வரும்னு காத்திருந்த ராசா அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.