பட்டில் கண்ணாடி துடைத்த மாப்பிள்ளை

தவிட்டுப்பட்டிக்காரர்கள் படித்தவர் பேச்சைத் தட்டமாட்டார்கள். கொப்பையாவின் கல்யாணத்துக்கு டவுனிலிருந்து வந்த இயற்பியல் டீச்சர் அமலோற்பவம், பந்தலில் பொழுது போகாமல் பேச ஆரம்பித்ததும் ஊரே கூடிக் கேட்டது. கண்ணாடியைப் பட்டுத்துணியில் தேய்த்தால் நேர்மின்னூட்டம் ஏறுமாம். நேரும் நேரும் தள்ளிக்கொள்ளுமாம், எதிரும் எதிரும் அப்படியேதானாம். நேரும் எதிரும்தான் ஒட்டுமாம். சொல்லிவிட்டு டீச்சர் சாப்பிடப் போய்விட்டார்.

மாப்பிள்ளைத் தோழன் மாசானத்துக்கு முகம் வெளுத்தது. கொப்பையா அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைப் பட்டுவேட்டியில் துடைத்து மாட்டியிருந்தான்.

"மாப்ள, நீ நேராயிட்டே."

"பொண்ணு?"

பெண் வெயிலுகந்தாளும் கண்ணாடிக்காரிதான். கூறைப்பட்டின் முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தாலியோடு மாப்பிள்ளை நெருங்கினால் மகள் பந்தலைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுவாளே என்று பெண்ணின் அப்பா கலங்கிப்போனார். உடனே அவளை ஆட்டுக்கல்லில் கட்டினார்கள். தனக்கும் பயமாயிருக்கிறது என்று கொப்பையா சொல்ல, அவனைப் பந்தக்காலில் கட்டினார்கள். இருவரும் பத்திரம். தாலி கட்டத்தான் கை எட்டவில்லை.

சரி, பெண்ணை எதிர் ஆக்கிவிடலாம் என்று எதிர்வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள், ஆட்டுக்கல்லோடு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் மாப்பிள்ளை இருந்த பந்தல் வீடு எதிர்வீடாகத் தெரிந்தது.

"இப்ப ரெண்டு பேருமே எதிர்," என்றான் மாசானம். "இதுவும் தள்ளும்."

ஆட்டுக்கல் திரும்பி வந்தது.

முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. கொப்பையா விசும்ப ஆரம்பித்தான். மாசானம் பந்திக்கு ஓடி, மின்னூட்டம் போவதற்கு வழி கேட்டான். டீச்சர் வாயில் வடை.

"பூமிக்குள்ள இறக்கிட்டா சரியாப்போயிடும்," என்றார், தலை நிமிராமல்.

மண்வெட்டிகள் வந்தன. பந்தலுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்தில் குழி தோண்டி, கட்டுகளை அவிழ்த்து, இருவரையும் கழுத்துவரை இறக்கி மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். மாப்பிள்ளையின் கைகளை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். மேளம் கொட்ட, கொப்பையா எட்டித் தாலி கட்டினான். பெண் இம்மியும் விலகவில்லை. ஊருக்கே கண் கலங்கிவிட்டது.

"தள்ளுதா?" என்று கேட்டான் கொப்பையா.

"இல்லீங்க," என்றாள் வெயிலுகந்தாள், வெட்கத்தோடு. "அசையவே முடியல."

டீச்சர் கை கழுவிவிட்டு வந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

கொப்பையாவின் அம்மா ஒரு குடம் தண்ணீரோடு வந்து, மகன் கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம், மருமகள் கழுத்தைச் சுற்றிக் கொஞ்சமாக ஊற்றினாள்.

"புதுசா நட்டிருக்கு," என்றாள். "வாடிரக் கூடாதுல்ல."