பாறை மீன் தலையும் மூன்று நாள் சால்மனும்

வெட்டிச் சமைத்த மீன் நீந்தாது என்பது படித்தவர்களிடம்கூடப் பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கை. வஞ்சிரம், வாவல், சாளை ஆகியவற்றைப் பொறுத்தவரை இதில் பழுதில்லை. சால்மனைப் பொறுத்தவரை இது முழுப் பிழை. இதை எனக்குத் தெரிவித்தவர் நார்வேயில் வேலை பார்க்கும் கிளீட்டஸ். தெரிவித்த இடம், தூத்துக்குடியில் அவருடைய அக்கா எமரன்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசை. தெரிவிக்க நேர்ந்த காரணம், ஒரு பாறை மீனின் தலை.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடக்கும் தலை, வந்திருப்பவர்களில் யார் அதிகத் தூரத்திலிருந்து வந்தவரோ அவருக்கு. மாடியில் குடியிருக்கும் நான் பதினேழு படி இறங்கி வருகிறவன். எனக்கு எக்காலத்திலும் நடுத்துண்டுதான். எமரன்ஸின் தங்கையை மணந்த அமலதாசன் கோவில்பட்டியிலிருந்து வாராவாரம் பஸ்ஸில் வந்து, ஒன்பது வருடமாகத் தலையை வேறு தட்டுக்குப் போகவிட்டதில்லை. அன்று பார்த்து விடுமுறையில் வந்து இறங்கியிருந்தார் கிளீட்டஸ்.

“இவன் நார்வேயிலதான் இருக்கான்னு யாரு கண்டா?” என்றார் அமலதாசன். “இருந்தா சால்மன் சமைக்கத் தெரியணும்லா? எப்படிச் சமைச்சான்னு சொல்லச் சொல்லுங்க.”

“அது லேசுப்பட்ட மீனா, அத்தான்?” என்று தொடங்கினார் கிளீட்டஸ். “ஆத்துத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் ஏறும். பொறந்த எடத்துக்குப் போயே தீரும். வெட்டிப்புட்டா புத்தி மாறிருமா? மொத நாள் மசாலா தடவி வறுக்கப் போட்டேன். எங்க வீட்டு அடுப்பு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. எண்ணெ பள்ளத்துக்கு ஓடுது, ஆறு துண்டும் மேட்டுக்கு ஏறுது. நான் சட்டிய இந்தப் பக்கம் சாய்க்கேன், அது அந்தப் பக்கம் ஏறுது. அரை மணி நேரம்! மீன் வேகல, என் தோள்பட்டதான் கழண்டுச்சு.”

“ஒட்டாத சட்டியா இருக்கும்,” என்றார் எமரன்ஸ், சோற்றை வடித்துக்கொண்டே.

“ரெண்டாம் நாள் புட்டு. சுறாப்புட்டு மாதிரி உதுத்து, குழல்ல அடைச்சி அடுப்புல ஏத்துனேன். ஆவி கீழேருந்து மேல வருது. இது சும்மா இருக்குமா? ஆவிக்கு எதிரா எறங்கி, அடி ஓட்டையப் போய் அடைச்சிக்கிடுச்சு. ஆவி எங்க போவும்? படார்! குழலு கூரையப் பிச்சிக்கிட்டுப் போச்சு. மாடி வீட்டுக்காரன் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்திருக்கான். புட்டு நேரா வாய்க்குள்ள.”

“செத்தானா?” என்றார் அமலதாசன்.

“செத்தானாவா! மறுநாள் அதே நேரத்துக்கு, ஓட்டைக்கு நேரா வாயத் தொறந்து வச்சிக்கிட்டு குப்புறப் படுத்திருக்கான்.”

சுறாப்புட்டுக்குக் குழல் தேவையில்லை, வாணலியே போதும் என்று திருத்த வாயெடுத்தேன். நானும் மாடியில் குடியிருப்பவன் என்பது நினைவுக்கு வந்ததால் மூடிக்கொண்டேன்.

எமரன்ஸ் குழம்புச் சட்டியை நடுமேசையில் வைத்து மூடியைத் திறந்தார். பாறை மீனின் தலை எல்லோரையும் பொதுவாகப் பார்த்தது. கிளீட்டஸ் வேகமெடுத்தார்.

“மூணாம் நாள் குழம்பு. கரண்டிய வலப்பக்கமா ஒரு சுத்து சுத்துதேன், துண்டெல்லாம் எடப்பக்கமா ஒரு சுத்து சுத்துது. நானும் விடல, அதுவும் விடல. சுத்துன சுத்துல தேங்காப்பால் திரண்டு வெண்ணெயா மெதக்குது. வழிச்செடுக்கக் கிண்ணத்துக்குத் திரும்புனேன். பார்த்தா, சட்டி காலி!”

“பூனை,” என்றார் அமலதாசன்.

“பூனை மஞ்சக் கலர்ல ஆறு கோடு போட்டுட்டுப் போவுமா? ஜன்னல் வழியா எறங்கி, தெருவத் தாண்டி, ஆத்துக்குப் போயிருக்கு. பொறத்தாலயே ஓடுனேன். ஆறு துண்டும் அருவில ஏறிக்கிட்டு இருக்கு, அத்தான். தலைத்துண்டு முன்னால, வால்துண்டு கடைசியில, வரிசை மாறல. புளியும் மொளகாயும் கரைஞ்சி ஆறே குழம்பாப் போச்சு. ஊரே ரொட்டியோட வந்து கரையில ஒக்காந்து தொட்டுத் தின்னுச்சு. மேயர் என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்’னார். ‘கடலப் பக்கத்துல வச்சிருக்கியள்லா’ன்னேன்.”

“பொறவு?” என்றார் எமரன்ஸ்.

“பொறவென்ன, பொறந்த எடத்துக்குப் போயி, துண்டெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு, முட்டை போட்டுச்சு. இப்பம் அங்க பொறக்குற குஞ்செல்லாம் மசாலா தடவியே பொறக்குது. எண்ணெ மட்டும் காய வச்சாப் போதும்.” தட்டை முன்னால் தள்ளினார். “இப்பச் சொல்லுங்க, நான் நார்வேயிலேர்ந்து வந்தவனா இல்லியா? தலைய இங்க வையிக்கா.”

எமரன்ஸ் கரண்டியில் தலையை ஏந்தினார்.

“நம்புதேன்,” என்றார் அமலதாசன். நாங்கள் திடுக்கிட்டுப் பார்த்தோம். ஒன்பது வருடத்தில் அவர் பஸ் நேரத்தைக்கூட நம்பியதில்லை. “ஒரு சொல்லு விடாம நம்புதேன். பொறந்த எடத்துக்கு வந்து சேர்ந்த மீனு, அங்க விருந்தாளியா, வீட்டு ஆளா?”

“வீட்டு ஆளுதான்.”

“நீ எங்கலே பொறந்தே?”

கிளீட்டஸ் தள்ளிய தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்.

“இங்கதான். அந்த உள்ரூம்ல,” என்றார் எமரன்ஸ், கரண்டியைக் கீழே வைக்காமல்.

“அப்பம் தூரத்துலேர்ந்து வந்தவன் நான்தான். வையுங்க, மதினி.”

கரண்டி மேசைக்குக் குறுக்கே சற்று நின்றுவிட்டு, கோவில்பட்டித் தட்டுக்குப் போயிற்று. கிளீட்டஸுக்கு வால் வந்தது. குழம்பு சோற்றோடு சேரட்டும் என்று அவர் தட்டைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்தார். குழம்பு இறங்கி வந்தது. வாலும் கூடவே இறங்கி வந்தது.