பெட்ரோல் டேங்குக்கு ஒரு ஹெல்மெட்

ராஜாவும் இருந்தார், மோட்டார் சைக்கிளும் இருந்தது. அப்படி ஒரு காலம். ஊர் கொன்றைக்கோட்டை. ராஜா விஜயரங்க பூபதி. பட்டத்து யானையை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கிய புண்ணியவான். யானை மெதுவாகப் போகிறதாம்.

தளபதியின் மகன் வண்டியிலிருந்து விழுந்து, மண்டை உடைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. "வண்டி ஓட்டுகிற எல்லாரும் ஹெல்மெட் போட வேண்டும். போடாதவர் வண்டி நிறுத்தப்படும்" என்று பறை அறைவித்தார். ஊரே ஹெல்மெட் வாங்கியது. வாங்கி, பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துக்கொண்டது. போலீஸ் கண்ணில் பட்டால் மட்டும் அது தலைக்கு ஏறும். ராஜாவின் ஹெல்மெட்டுக்குத் தங்கப் பூண் உண்டு. அதற்கும் டேங்கின்மேல்தான் சவாரி.

கிழக்கு வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவள் பேச்சியம்மை என்ற காவலர். ஒரு நாள் காலை விசில் ஊதி ஒரு வண்டியை நிறுத்தினாள். பார்த்தால் ராஜா.

"ஹெல்மெட் எங்க, மகாராஜா?"

"கண்ணு தெரியலையா? இதோ இருக்கு."

"டேங்க் பத்திரமா இருக்கு. தலை?"

"விழப்போறேன்னு தெரிஞ்சா எடுத்து மாட்டிக்கிறேன். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

பேச்சியம்மை சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். ராஜா அரண்மனைவரை நடந்தே போனார். கடைத்தெரு முழுக்க எழுந்து நின்று கும்பிட்டது. கும்பிட்ட கைக்குப் பின்னால் சிரிப்பை ஒளித்துக்கொண்டது.

சபையில் ராஜாவுக்கு மூக்குக்குமேல் கோபம். "நாளைக்குத் தேர்த் திருவிழா. கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பினதும் முதல் வேலை, அவளை ஊரை விட்டே அனுப்பறது" என்றார். மந்திரிகள் தலையாட்டினார்கள். அதற்குத்தானே சம்பளம்.

தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தவர் சபையின் விகடகவி சொக்கப்பர் ஒருவர்தான். அவருடைய சாவியையும் பேச்சியம்மை ஒருமுறை உருவியிருக்கிறாள். அன்று அவளைத் திட்டிக்கொண்டே ஹெல்மெட் மாட்டினார். அடுத்த வாரமே ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல். தலையில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவள் ஐப்பசி மழையில் பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவாள்? ஆனால் கோபத்தில் இருக்கிற ராஜாவிடம் நியாயம் பேசினால் போவது அவள் மட்டுமாக இருக்காது.

சொக்கப்பர் எழுந்து கும்பிட்டார். "நாளைக்கு ஊர்வலத்துல வெண்குடை பிடிக்கிற பாக்கியத்தை எனக்குக் குடுங்க, மகாராஜா."

"பிடிச்சுக்கும் ஓய். உமக்காவது மரியாதை தெரியுதே" என்றார் ராஜா.

மறுநாள் புதுப் பட்டு, ஜரிகைத் தலைப்பாகை, மை தீட்டிய மீசை என்று ராஜா மாப்பிள்ளை மாதிரி புறப்பட்டார். பின்னால் சொக்கப்பர், குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மேகம் மூடியிருந்ததால் வெயில் தெரியவில்லை. ராஜாவும் திரும்பிப் பார்க்கவில்லை. மழை வராவிட்டால் என்ன செய்வது என்று சொக்கப்பருக்கு உள்ளுக்குள் உதைப்புதான். எச்சமிட மரத்துக்கு மரம் காக்கை இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

காக்கைக்கு வேலை வரவில்லை. தேர் நிற்கிற தேர்முட்டி வந்ததும் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தலைப்பாகை தொய்ந்து காதில் விழுந்தது. மீசை மை கழுத்துவரை இறங்கியது.

"யோவ், குடை எங்கய்யா?"

"இதோ இருக்கு, மகாராஜா. பத்திரமா அக்குள்ல."

"ஏன்யா விரிக்கல?"

"நனையப்போறீங்கன்னு தெரிஞ்சா விரிச்சுக்கலாம்னு இருந்தேன். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

சொல்லிவிட்டு, சொக்கப்பர் நிதானமாகக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு கம்பி சிக்கியது. அதை எடுத்துவிட்டார். கடைசியில் குடை அழகாக விரிந்தது. அதற்குள் ராஜாவின் பட்டு உடம்போடு ஒட்டிவிட்டது.

"நனைஞ்சு முடிஞ்சப்புறம் விரிச்சு என்னய்யா பிரயோசனம்?" என்று ராஜா போட்ட சத்தம் தேருக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது.

"நேத்து கிழக்கு வாசல்ல பேச்சியம்மையும் இதைத்தானே சொல்ல வந்தா, மகாராஜா?" என்றார் சொக்கப்பர்.

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். சொக்கப்பர் மடியில் நனையாமல் வைத்திருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நனைஞ்ச தலைக்குத் துண்டு கொண்டாந்திருக்கேன். துவட்டிக்குங்க. உடைஞ்ச தலைக்குக் கொண்டார என்கிட்ட ஒண்ணும் இல்ல."

ராஜா அவரையே பார்த்தார். துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். பாதி மீசை துண்டோடு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ராஜாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரும் ஒளிக்காமல் சிரித்தது. கழுத்தில் கிடந்த முத்துமாலை அங்கேயே சொக்கப்பர் கழுத்துக்கு மாறியது. பேச்சியம்மையை அனுப்புகிற பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் காலை ராஜா தங்கப் பூண் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கு வாசலுக்கு நடந்து வந்தார். துணைக்குச் சொக்கப்பர். "இப்பவாவது சாவியைக் குடும்மா" என்று கை நீட்டினார்.

பேச்சியம்மை கும்பிட்டாள். சாவியை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"தாடைக்கு வார் மாட்டல, மகாராஜா."

ராஜா சொக்கப்பரைத் திரும்பிப் பார்த்தார். சொக்கப்பர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

ராஜாவின் தாடைக்கடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. சாவி கைக்கு வந்தது.