பன்னிரண்டாவது நாற்காலி

"சாமி, என் பேரை எடுத்துடுங்க."

பெரிய வியாழன், நண்பகல். பங்குக் குருவின் அறை வாசலில் மெற்றில்டா நின்றாள். உள்ளே வரவில்லை.

அன்று மாலைப் பூசையில் குரு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல. பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

குரு இருதயசாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, காலில் புண்ணா?"

"இல்ல சாமி. பயமா இருக்கு."

அறை மூலையில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில் ஊழியர், கோயில்பிள்ளை மிக்கேல், சிரித்தார்.

"இதுக்குப் போய் பயமா? எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்ச்சு, பவுடரும் பூசிட்டுத்தான் வர்றாங்க. சாமிக்குக் கழுவ ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவள் சிரிக்கவில்லை. குரு மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"சொல்லுங்க."

"அந்தத் தண்ணி என்மேல படக்கூடாது சாமி. கோயில் வாசல் தீர்த்தத் தொட்டியிலகூட நான் விரல் வைக்கிறதில்ல."

"எத்தனை நாளா?"

"பதினாலு வருஷமா. மாமியார் செத்ததுல இருந்து."

தாழ்ந்த குரலில் சொன்னாள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தண்ணீர் குடித்தால் படுக்கை நனையும். நனைந்தால் துவைக்க வேண்டும். அதனால் கேட்டபோதெல்லாம் அரை டம்ளர். கடைசி நாளில் அதுவும் இல்லை.

"நாக்கு காஞ்சு வெடிச்சிருந்துச்சு சாமி. குளிப்பாட்டும்போது பார்த்தேன். வேற யாரும் பார்க்கிறதுக்கு முன்னால வாயை மூடிவிட்டேன்."

"பாவசங்கீர்த்தனம் பண்ணினீங்களா?"

"ஏழு தடவை. ஏழு சாமியார்கிட்ட. ஏழு பேரும் மன்னிப்புக் குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"கடவுள் பார்த்துட்டாரே சாமி. இன்னமும் பார்த்துக்கிட்டேதான் இருக்கார். கண்ணை மூடினா அந்த நாக்குதான் தெரியுது. நெஜமாவே மன்னிச்சிருந்தா எனக்கு ஏன் இவ்வளவு பயம்?"

குரு மேசைப் பக்கம் கை காட்டினார்.

"தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

மேசைமேல் செம்பும் டம்ளரும் இருந்தன. அவள் உள்ளே வந்து ஊற்றி நீட்டினாள்.

குரு வாங்கவில்லை. டம்ளரையே பார்த்தார். சரியாகப் பாதி.

"ஏம்மா பாதி?"

"கை பழகிப்போச்சு சாமி."

"பதினாலு வருஷத்துல கை மறந்திருக்குமே. இப்போ யாருக்கு ஊத்துது?"

டம்ளர் ஆடியது. தண்ணீர் தளும்பி அவள் விரல்களில் வழிந்தது.

"வீட்டில யார் இருக்காங்க?"

"அவரு." டம்ளரைக் கீழே வைத்தாள். "கை கால் விழுந்து எட்டு மாசமாச்சு. படுத்தேதான் கிடக்கார்."

"இன்னைக்குத் தண்ணி கேட்டாரா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கிளம்பும்போது கேட்டார்."

குரு பட்டியலை எடுத்தார். பெயரை அடிக்கவில்லை. நான்காக மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் ஓடினாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

மாலை. பீடத்தின் முன் பதினொரு நாற்காலிகள் நிறைந்திருந்தன. பவுடர் மணந்தது.

மிக்கேல் குருவின் காதருகே குனிந்தார். "சாமி, அந்தம்மா வரல. வேற யாரையாவது உட்கார வைக்கட்டுமா?"

"வேண்டாம்."

குரு பதினொரு பேருக்கும் கழுவினார். தாம்பாளத்துத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

காலியாக இருந்த நாற்காலியின் முன் முழங்காலிட்டார். காத்திருந்தார்.

பாடகர்கள் பாட்டை முடித்தார்கள். முதலில் இருந்து மறுபடியும் தொடங்கினார்கள். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மிக்கேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது அவள் பக்கவாசல் வழியாக வந்தாள். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. வெறும் காலில் தெருமண் அப்பியிருந்தது.

வந்து உட்கார்ந்தாள்.

குரு அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா இவ்வளவு நேரம்?"

அவள் காலை நீட்டினாள்.

"படுக்கை நனைஞ்சிடுச்சு சாமி. துவைச்சுக் காயப்போட்டுட்டு வர்றேன்."