எந்தப் பாறை நத்தை

அந்தக் காலத்தில், கல்லும் புழுவும் கூடப் பேசிக்கொண்டிருந்த நாளில், மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்த நத்தைகள் எல்லாம் ஒரே குடும்பம். முதுகில் ஓடு கிடையாது. அங்கே குளிர்காலத்தில்தான் மழை. கோடையில் ஒரு சொட்டு விழாது. அதனால் வெயில் ஏறியதும் கூட்டம் மொத்தமும் மலையுச்சிச் சுனைக்குப் புறப்படும். நத்தை மலையேறுவதென்றால் கேட்கவா வேண்டும்? பாதிப் பேர் வழியிலேயே வற்றலாகிவிடுவார்கள்.

ஒரு கோடையில் ஈராயி என்ற நத்தைக்கு வயிறு நிறைய முட்டை. அடிவாரத்துச் சுண்ணாம்புப் பாறை வரைக்கும் வந்தவளால் அதற்குமேல் நகர முடியவில்லை.

"மெல்ல வாடி, நான் பின்னாலேர்ந்து தள்ளறேன்," என்றாள் அக்கா வழுக்காயி.

"நீ போக்கா. ரெண்டு பேரும் காய வேண்டாம்."

அக்கா அழுதுகொண்டே போனாள். ஈராயிக்குத் தன் உயிர் பெரிதில்லை. வயிற்றில் இருந்தவற்றை நினைத்துத்தான் துடித்தாள்.

"ஐயா, ஒதுங்க ஒரு பொந்து இருந்தாக் குடுங்க," என்று பாறையிடம் கேட்டாள்.

"பொந்து இல்ல தாயி. என்னையே நக்கிக்கோ, சுண்ணாம்பு உன் முதுகுல வீடாகும். ஆனா என் சுண்ணாம்பத் தின்னவ என்னை விட்டுப் போகக் கூடாது. உன் பிள்ளைங்களும்தான்."

நக்கினால், சொந்தபந்தத்தோடு ஊர் சுற்றும் வாழ்க்கை அதோடு முடிந்தது. ஈராயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாக்கை நீட்டி நக்கினாள்.

வெள்ளை ஓடு சுருண்டு சுருண்டு வளர்ந்தது. உள்ளே போய், தன் கோழையாலேயே வாசலை அடைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். முதல் மழையில் எழுந்து வந்து நிம்மதியாக முட்டையிட்டாள்.

தங்கையின் தோலையாவது பார்ப்போம் என்று இறங்கி வந்த அக்கா, கொழுகொழுவென்று நின்றவளைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"எலி வளையானாலும் தனி வளைன்னு சும்மாவா சொன்னாங்க," என்று ஈராயி ஓட்டைக் காட்டினாள்.

அப்புறம் மற்ற நத்தைகள் விடுவார்களா? எல்லோரும் அந்த ஒரு பாறையையே நக்கினால் அது கரைந்துவிடும் என்று ஆளுக்கொரு பாறை தேடிப் போனார்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் செம்பாறையை நக்கிய வழுக்காயிக்குப் பழுப்புப் பட்டை போட்ட ஓடு வந்தது. மிதந்துபோன கட்டையில் ஏறித் தீவுகளுக்குப் போனவர்களுக்குத் தட்டையாகவும் கூம்பாகவும் வந்தது. விட்டுப் போவதில்லை என்று எல்லோரும் தத்தம் பாறைக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

மழை நாளில் அக்காவும் தங்கையும் எதிரெதிர்ச் சரிவில் நின்று கொம்பை ஆட்டிக்கொள்வார்கள். கிட்டே போக முடியவில்லையே என்று ஈராயிக்கு வருத்தம்தான். ஆனால் பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவள் வெயிலுக்குக் கொடுக்கவில்லை. அந்த நிறைவே அவளுக்குப் போதும்.

அன்று முதல்தான் அந்தக் கடலோரத்தில் மலைக்கு மலை, தீவுக்குத் தீவு வேறு வேறு நத்தை. வகை பிரிக்க வருகிற படித்தவர்களும் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புது ஆளிடம் நாம் ஊர் கேட்பதுபோல, "இது எந்தப் பாறையில் கிடைத்தது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.