எட்டு மணி டோக்கன்

ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் செங்கமலம் டோக்கன் கூப்பிடுவாள். அங்கே பெரிய டாக்டர் தணிகாசலம், நோயாளிகளை எப்படி இன்னும் நல்லபடியாகக் கவனிப்பது என்று பயிற்சி டாக்டர்களுக்குத் தினமும் பாடம் நடத்துவார்.

ஒருநாள் அவர் செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டார். “ஜனங்க மணிக்கணக்காக் காத்துக்கிடக்குது. எல்லாம் உன்னாலதான். ஒரு வாரத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும். இல்லைன்னா வேலை போயிடும்.”

“சரிங்கய்யா,” என்றவள், ஒவ்வொரு சீட்டிலும் நோயாளி வந்த நேரத்தையும் உள்ளே போன நேரத்தையும் குறித்தாள். வாரக் கடைசியில் வகுப்புக்குள் போய்ச் சீட்டுகளை நீட்டினாள்.

பெரிய டாக்டர் கொதித்தார். “எட்டு மணிக்கு வந்தவரைப் பத்தரைக்குப் பார்த்திருக்காங்க. அதுவரைக்கும் டாக்டருங்க எல்லாம் எங்கே போனாங்க?”

“இங்கதாங்கய்யா, உங்க பாடத்துல உக்காந்திருந்தாங்க.”

மறுநாளிலிருந்து பாடம் சாயங்காலத்துக்குப் போனது. செங்கமலம் எட்டு மணிக்கே முதல் டோக்கனைக் கூப்பிட்டாள்.