பெட்டிக்கு விட்ட இடம்

எல்லைப் போர் முடிந்ததும் படையைக் கலைத்துவிட்டார்கள். மலைக்கோட்டைக்கு வெடிமருந்து சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டிப்போன கொற்றப்பர், நரைத்த மீசையோடு உலகம்மையின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு கிழட்டுக் கோவேறு கழுதையும் வந்தது. படைத்தலைவரைப் போல யார் பேச்சையும் கேட்காது என்பதால் படையில் அதற்குத் 'தளவாய்' என்று பெயர்.

குரு உலகம்மை அவரைவிட வயதில் இளையவர். மழைக்காலம் முழுக்க விறகு வெட்டிப் போட்டுவிட்டு, ஒரு காலையில் கொற்றப்பர் துறவு கேட்டு நின்றார். வாளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, வீட்டைத் தம்பிக்கு விட்டாயிற்று, இனி இறக்கி வைக்க ஒன்றுமில்லை என்றார். கிடைக்காது என்றால் அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

"சுனைவரைக்கும் போய்வருவோம். தளவாயும் வரட்டும்," என்றார் உலகம்மை.

ஒடுக்கமான பாதை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். முதுகில் ஒரு சுமையும் இல்லாதபோதும் தளவாய் பாதாளத்தின் ஓரமாகவே நடந்தது. குளம்பு பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் மேலே வரவில்லை.

"இது ஏன் இப்படிப் போகிறது?"

கொற்றப்பருக்குப் பேச உற்சாகம் வந்துவிட்டது. முதுகின் இருபுறமும் வெடிமருந்துப் பெட்டி தொங்குமாம். உள்பக்கப் பெட்டி பாறையில் இடித்தால், அந்த இடியே விலங்கைப் பள்ளத்தில் தள்ளிவிடுமாம். கூட வந்தவை உருண்டதைப் பார்த்த விலங்கு, பெட்டிக்கு இடம் விட்டு நடக்கத் தானாகவே பழகிக்கொள்ளும் என்றார்.

"இப்போது பெட்டி இல்லையே."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அம்மையே. தளவாய்க்கு யார் சொல்வது?" கொற்றப்பர் சிரித்தார். "சொன்னால்தான் கேட்குமா?"

உலகம்மையும் சிரித்தார். பிறகு கேட்டார்:

"அப்போதெல்லாம் நீர் எந்தப் பக்கமாக நடப்பீர்?"

"பாறைப் பக்கம்தான். ஓட்டுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான்."

சொல்லும்போதே குருவின் பார்வை தன் தோளில் இருப்பதைக் கவனித்தார். திரும்பிப் பார்த்தார். குடிலிலிருந்து பாறையை உரசிக்கொண்டே வந்ததில், சட்டைத் தோளெல்லாம் பாசி அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கியவர், தட்டாமலே இறக்கிவிட்டார்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"துறவு, அம்மையே?"

"தளவாய் உள்பக்கமாக நடக்கிற அன்றைக்குத் தருகிறேன்."

கொற்றப்பர் நின்றுவிட்டார். கயிறு கட்டி இழுத்தால் மிரண்டு பின்வாங்கும், அடித்தால் இன்னும் வெளியே போகும், படையில் எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றார்.

"வேறு எப்படித்தான் அதை உள்ளே ஒதுக்குவது?"

உலகம்மை தளவாயின் குளம்புகளைப் பார்த்தார். அவற்றுக்கு அப்பால் இருந்த விளிம்பையும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஓட்டுகிறவர் கால் வைக்க இன்னும் இடம் இருக்கிறதே," என்றார்.